கணக்கும் கையெழுத்தும்

இதழ் இரண்டு மாதம் தாமதம். காரணம் வழக்கமானதுதான், பணம். போன இதழுக்கு வந்த சந்தா எவ்வளவு, அச்சகத்துக்குக் கொடுத்தது எவ்வளவு என்று மதுரைத் தோழர் ஒருவர் கடிதம் போட்டிருந்தார். கொஞ்சம் கோபமாகவே. கேட்டது நியாயம். உள் அட்டையில் கணக்கு இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள் தோழர். அந்தக் கடிதம் வந்த வாரத்தில்தான் இன்னொன்றும் நடந்தது. இந்தத் தலையங்கம் அதைப் பற்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு தங்கச்சி வீட்டுக்கு வந்தது. திருவண்ணாமலைப் பக்கம். அப்பா செங்கல் சூளையில். பன்னிரண்டாவது வரை தமிழ் வழி, அப்புறம் பி.காம். சி.ஏ. இன்டர்மீடியட் இரண்டு குரூப்பும் பாஸ் பண்ணியிருக்கிறது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: ஒவ்வொரு தாளிலும் 40, மொத்தத்தில் 50 சதம் வாங்க வேண்டும். ஒரு தாளில் 39 என்றாலும் குரூப்பே போச்சு. தமிழில் எழுத முடியாது. ஆங்கிலம், இல்லாவிட்டால் இந்தி. இந்திக்காரப் பையன் அவன் பாஷையில் எழுதலாம், நம்ம பிள்ளை எழுத முடியாது. இதற்கு எந்தத் தமிழ்க் காவலரும் கொடி பிடித்து நான் பார்த்ததில்லை.

"அண்ணா, பத்தொம்போது ஆபீஸ் ஏறி எறங்கிட்டேன். ஆர்ட்டிகிள்ஷிப் கெடைக்கல. எம்.காமே சேந்துடலாம்னு இருக்கேன்" என்றது. அழவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

சி.ஏ. படிப்பில் இடஒதுக்கீடு கிடையாது. கேட்கவும் வழியில்லை, ஏனென்றால் அங்கே சீட்டு என்று ஒன்றே இல்லை. யார் வேண்டுமானாலும் எழுதலாம், தேறினவர் தேறினார். விடைத்தாளில் நம்பர்தான், பேர் கிடையாது. 'தகுதி, திறமை' என்று வாய் கிழியப் பேசுகிறவர்கள் இதைக் காட்டித்தான் பேசுவார்கள். ஆனால் இன்டர்மீடியட்டுக்கும் ஃபைனலுக்கும் நடுவில் ஒரு கதவு இருக்கிறது. தொழில் செய்கிற ஒரு ஆடிட்டரிடம் கைப்பழக்கம் பெற வேண்டும். முன்னே மூன்று வருடம், 2023-இல் வந்த புதுத் திட்டத்தில் இரண்டு வருடம். அதை முடிக்காமல் ஃபைனல் எழுத முடியாது. ஒரு ஆடிட்டர் எத்தனை பேரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு உண்டு. யாரை வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர் இஷ்டம். சி.ஏ. இன்ஸ்டிட்யூட் ஆன்லைனில் பெயர் பதிய வசதி செய்திருக்கிறது, நல்லதுதான். பதிந்த பிறகு கூப்பிடுகிறவர் அதே ஆடிட்டர்தானே.

ஒரு காலத்தில் ஆடிட்டருக்கு நாம்தான் பணம் கட்டிச் சேர வேண்டும், பிரீமியம் என்று பெயர். குருதட்சணை. பிறகு அது திரும்பி உதவித்தொகை ஆயிற்று. பெருநகரத்தில் முதல் வருடத்துக்குக் குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று ரொம்ப நாள் இருந்து, 2020-இல் 2,000 ஆனது. 2,000 ரூபாயில் சென்னையில் ஒரு பெண் எங்கே தங்கும், என்ன சாப்பிடும்? அப்பா வீட்டிலிருந்து டிபன் பாக்ஸோடு வருகிற பிள்ளைகளுக்காக எழுதப்பட்ட தொகை அது.

எனக்கு இது புதுக்கதை இல்லை. 2012-இல் நானும் முதல் குரூப் தேறிவிட்டு ஏறி இறங்கினவன். ஒரு அலுவலகம், பெயர் வேண்டாம். பெரியவர், மரியாதையான மனுஷர். உட்காரச் சொன்னார், காப்பி வந்தது. மார்க் ஷீட்டைப் பார்த்து "பேஷ்" என்றார். அப்புறம் எந்த ஊர் என்றார். ஊருக்குள்ளேயா, தள்ளியா என்றார். அப்பா என்ன பண்றார் என்றார். கடைசியில் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்கோ தம்பி. எனக்கு ஒண்ணும் இல்லை. க்ளையண்ட் ஆத்துக்கெல்லாம் போகணும். சில பேர் லெட்ஜரை பூஜை ரூம் பக்கத்துல வச்சிருப்பா." காப்பி டம்ளர் பித்தளையா பேப்பரா என்று இன்றைக்கு ஞாபகமில்லை. லெட்ஜரும் பூஜை ரூமும் மட்டும் ஞாபகமிருக்கிறது.

அடுத்த வருடம் வங்கித் தேர்வு எழுதி எழுத்தர் ஆனேன். இப்போது மார்ச் முடிந்தால் ஆடிட்டர்கள் எங்கள் கிளைக்கு வருகிறார்கள். கூட ஆர்ட்டிகிள் பையன்கள், என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்கள். "சார், வவுச்சர் எடுங்க" என்பார்கள். எடுத்துக் கொடுப்பேன். சைவச் சாப்பாடு சொல்லிவிடுங்கள் என்று மேனேஜர் முதல்நாளே சொல்லியிருப்பார். இத்தனை வருடத்தில் வந்தவர்களில் நம்மாள் ஒருவரைக்கூட நான் கண்டதில்லை.

'க்ளையண்ட்' என்ற அந்த வார்த்தைக்கு வயது நூறு தாண்டிவிட்டது. அண்ணல் அம்பேத்கர் லண்டனிலிருந்து பாதியில் திரும்பி வந்த காலத்தில், பம்பாயில் பங்கு வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் தொழில் ஒன்றைத் தொடங்கினார். கொலம்பியாவில் பொருளாதாரம் படித்தவர். சாதி தெரிந்ததும் வாடிக்கையாளர்கள் நின்றுபோனார்கள், கடையை மூட வேண்டியதாயிற்று. அப்புறம் சிடன்ஹாம் வணிகவியல் கல்லூரியில் பேராசிரியர். அங்கே ஆசிரியர் அறைத் தண்ணீர்ப் பானைக்குச் சண்டை. இதெல்லாம் நமக்குத் தெரியும். ரூபாயின் பிரச்சினை பற்றி அவர் 1923-இல் நூல் எழுதியதும் தெரியும். 1925 முதல் 1928 வரை பம்பாயில் பாட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிறுவனத்தில் பகுதிநேரமாக வணிகச் சட்டம் நடத்தினார் என்பதை எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்? கணக்குப் படிக்க வந்த பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தவர் அவர். நாம் அவர் கையில் அரசியல் சட்டத்தை மட்டும் கொடுத்துச் சிலை வைத்துவிட்டோம்.

கணக்கு என்பது நம் சனங்களுக்கு எப்போதும் அடுத்தவன் கையில் இருந்த ஒன்று. பண்ணையில் வாங்கின நெல் எவ்வளவு, கழிந்தது எவ்வளவு என்று நோட்டில் எழுதினவன் அவன், கைநாட்டு வைத்தவர் நம் தாத்தா. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்த 1976 வரைக்கும், அதற்குப் பிறகும், ஆளைக் கட்டிப்போட்டது சங்கிலி இல்லை, நோட்டுதான். நிலம் யார் பேரில் என்று எழுதினவர் கர்ணம். அப்பன், பிள்ளை, பேரன் என்று வந்த பதவி. 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அதை ஒழித்தது. பரீட்சை வந்தது, இடஒதுக்கீடு வந்தது, இன்றைக்கு அந்த நாற்காலியில் நம்ம பிள்ளைகள் வி.ஏ.ஓ.வாக உட்கார்ந்திருக்கிறார்கள். கர்ணம் போய்விட்டார். ஆடிட்டர் போகவில்லை.

இன்னொன்றும் பாருங்கள். பட்ஜெட் புத்தகங்களில் 789 என்று ஒரு எண் வரும். பட்டியல் சாதியினருக்கான சிறப்புக்கூறு நிதி அந்தத் தலைப்பில்தான். 2010-இல் டெல்லியில் அந்தப் பணத்தில் நூற்றுக்கணக்கான கோடி காமன்வெல்த் விளையாட்டுக்குப் போனது. போனது எப்படித் தெரிந்தது? தகவல் உரிமைச் சட்டத்தில் தாள்களை வாங்கி, உட்கார்ந்து வரி வரியாகக் கூட்டிப் பார்த்ததால். அந்த ஆகஸ்டில் உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம் மாநிலங்களவையிலேயே ஒப்புக்கொள்ள வேண்டி வந்தது. தமிழ்நாட்டில் இதற்கென்று தனிச் சட்டமே 2024-இல் வந்திருக்கிறது. சட்டம் சரி. வருடா வருடம் கூட்டிப் பார்க்க நம்மிடம் எத்தனை பேர்? நம்மிடம் கவிஞர்கள் உண்டு, நானே ஒருத்தன். வக்கீல்கள் உண்டு. பேச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை. நாம் நடத்திய அமைப்புகள் உடைந்த கதையை யோசித்துப் பாருங்கள். தத்துவத்தில் உடைந்தது கொஞ்சம். நிவாரண வசூல் எங்கே, மாநாட்டு மிச்சம் எங்கே என்று உடைந்ததுதான் அதிகம். எழுதிவைக்க ஆளில்லை.

எம்.காம். மோசமா என்று அந்தத் தங்கச்சி கேட்டது. மோசமில்லை. ஹாஸ்டல் உண்டு, பேராசிரியர் ஆகலாம். ஆனால் கம்பெனிக் கணக்கைத் தணிக்கை செய்து கையெழுத்துப் போடும் அதிகாரம் எம்.காமுக்கு இல்லை, சி.ஏ.வுக்குத்தான். 2021-இல் யு.ஜி.சி. சி.ஏ.வை முதுகலைப் பட்டத்துக்கு இணை என்று அறிவித்துவிட்டது, அதனால் சி.ஏ. முடித்தாலும் ஆராய்ச்சிக்குப் போகலாம், வழி அடையாது. மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைப் பட்டியலில் சி.ஏ.வும் இருக்கிறது. கல்லூரிக்குப் போகிற பிள்ளைக்கு அலுவலகத்திலேயே ஃபாரம் கொடுப்பான், வீட்டிலிருந்து சி.ஏ. படிக்கிற பிள்ளைக்கு யார் சொல்வது? ஆடிட்டர் அலுவலகம் திறக்க தாட்கோ மானியம் கொடுக்கும் திட்டம்கூட உண்டு. அலுவலகம் திறக்கிற கட்டத்துக்கு வந்துசேர நடுவில் அந்தப் பத்தொன்பது படிக்கட்டு.

ஆகவே நேராகவே கேட்கிறோம். தொழில் செய்கிற நம்மவர்கள், நம்மவர் அல்லாத ஆனால் நெஞ்சுள்ள ஆடிட்டர்கள், எந்த ஊரில் இருந்தாலும் இதழ் முகவரிக்கு எழுதுங்கள். ஒருவரை எடுத்துக்கொண்டாலும் போதும். வங்கி, எல்.ஐ.சி., தொலைபேசித் துறைத் தோழர்கள் பத்துப் பேர் மாதம் 500 ரூபாய் போட்டால் ஒரு பிள்ளைக்கு விடுதிச் செலவு ஆகும். முதல் 500 என்னுடையது, வரவு வைத்தாயிற்று. மாணவத் தோழர்கள், உங்கள் கல்லூரியில் பி.காம். படிக்கிற நம்ம பிள்ளைகள் யார் யார், ஃபவுண்டேஷன் தாண்டினவர்கள் யார் என்று பட்டியல் எடுத்து அனுப்புங்கள். இன்ஸ்டிட்யூட்டிடம் கேட்க வேண்டியதும் இரண்டு: தேர்வைத் தமிழில் எழுத அனுமதி, ஆர்ட்டிகிள்ஷிப்பில் யார் எடுக்கப்பட்டார், யார் திருப்பி அனுப்பப்பட்டார் என்ற பதிவு. மனு எழுதிவைத்திருக்கிறேன், கையெழுத்துக்கு வருவோம்.

அந்தத் தங்கச்சியிடம் இரண்டு வாரம் பொறுத்துக்கோ என்று சொல்லியிருக்கிறேன். எம்.காம். விண்ணப்பத்துக்குக் கடைசித் தேதி அதற்கு நாலு நாள் கழித்து.