திரையைத் திருப்பிக் காட்டுங்கள்

2024ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீடு இந்நாட்டில் முதன்முறையாகக் கைக்கணினி கொண்டு நடத்தப்பட்டது. கணக்கெடுப்பாளர் வாசலில் நின்று கேட்டார், நாம் சொன்னோம், அவர் திரையைத் தொட்டார், தொட்டவை தலைமை அலுவலகத்தின் கணினிக்குச் சென்று சேர்ந்தன. 21,763,170 பேர் என்ற முதற் கணக்கு 2025 ஏப்ரலில் வெளிவந்தது. விரைவை நாம் வெறுப்பவரல்லர். ஆனால், நம்மைப்பற்றி எழுதப்பட்டது யாது என்பதை நம்மில் எத்தனைபேர் கண்ணாற் கண்டோம்?

காகிதப் படிவம் மேசைமீது கிடந்த காலத்தில், எழுத்தறியாத தகப்பனும் பள்ளிக்கூடம் போகும் மகனைக் கூப்பிட்டு அதை வாசிக்கச் சொல்லலாம். கைக்கணினியின் திரையோ உத்தியோகத்தரின் முகத்தையே பார்த்திருக்கிறது. ஒரு விரல் தொட்டால் அறிக்கை போய்விடுகிறது. பிறகு அதைப் பார்ப்பவர் அலுவலகத்தார், பாராதவர் அதற்குரியவர்!

இது அற்ப விடயமன்று. 1981இல் நாட்டின் மக்களில் 5.5 வீதமாயிருந்த ‘இந்தியத் தமிழர்’ 2012இல் 4.1 வீதமாகக் குறைந்தனர். கப்பலேறிப் போனோர் ஒரு காரணம். மலையகத்தவர் பலர் ‘இலங்கைத் தமிழர்’ என்று பதிவானது மற்றொரு காரணம். தாமே விரும்பி அவ்வாறு சொன்னவரைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எழுதுபவரே தம் எண்ணப்படி ஒன்றைத் தெரிந்திருந்தால்? ஒரு தொடுகையில் ஒரு குடும்பம் ஓர் இனத்திலிருந்து மற்றோர் இனத்துக்கு மாறிவிடும். தோட்டப் பாடசாலைக்கும் மருத்துவமனைக்கும் பங்கு கேட்கும்போது அந்த எண்ணிக்கையே நம் முகத்தில் வீசப்படும்.

மருதானையில் வாழ்வோர் மாளிகாகந்தை நீதவான் நீதிமன்றத்தை அறிவர். அங்கே செல்லும் வழக்குகளுக்கு அடிப்படையான பொலிஸ் வாக்குமூலத்துக்கு 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடபடிமுறைச் சட்டம் ஒரு விதி வகுத்துள்ளது. எழுதிய வாக்குமூலத்தைச் சொன்னவருக்குக் காட்ட வேண்டும், அல்லது வாசித்துக் கேட்பிக்க வேண்டும். அம்மொழி விளங்காதாயின் விளங்கும் மொழியில் பெயர்த்துரைக்க வேண்டும். விளக்கவும் சேர்க்கவும் அவருக்கு உரிமையுண்டு. இதுவே அச்சட்டத்தின் 110ஆம் பிரிவு. நடைமுறையில் அது எவ்வாறு மதிக்கப்படுகிறது என்பது வேறு கதை. அதை மற்றோர் இதழில் எழுதுவோம். குற்ற விசாரணையில் ஒரு சாட்சிக்கு உள்ள இவ்வுரிமை, தன் வீட்டு வாசலில் நிற்கும் குடிமகனுக்கு ஏன் இருத்தலாகாது? நாளை கமநல உத்தியோகத்தர் வயல்வரப்பில் நின்று பயிரழிவைக் கைக்கணினியிற் பதியும்போது, இரண்டு ஏக்கர் அழிந்த இடத்தில் அரை ஏக்கர் என்று விழுந்தால், நட்டஈடு மறுக்கப்பட்ட பின்னரன்றோ கமக்காரன் அதை அறிவான்!

பொறியால் தமிழைத் தாங்க முடியாது என்ற சாக்கும் செல்லாது. ஒரு காலத்தில் பாமினி எழுத்துருவில் தட்டிய தமிழ், அவ்வெழுத்துரு இல்லாத கணினிக்குப் போனதும் ஆங்கில எழுத்துகளின் கூளமாகத் தோன்றியது உண்மையே. ஆனால் யுனிகோட் நியமத்தில் தமிழ் 1991 முதல் உண்டு. இலங்கைக் கட்டளைகள் நிறுவனமும் தமிழுக்கென 1326ஆம் இலக்க நியமத்தை 2008இல் வெளியிட்டது. இன்றும் ஓர் அலுவலகத்தில் தமிழ் அறிக்கை பெட்டி பெட்டியாகத் தெரியுமாயின், குற்றம் பொறியினதன்று. 1956இல் சட்டம் செய்த வேலையை இன்று அசட்டை செய்ய விடலாமா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். அனுப்புமுன் முழு அறிக்கையும் அவரவர் மொழியில் திரையிற் காட்டப்பட வேண்டும். பிழை திருத்தப்பட வேண்டும். பிரதியொன்று கையில் தரப்பட வேண்டும். அரசாங்கத்தோடு தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை ஏற்றிருக்கிறது. கைக்கணினிக்கு அதில் விலக்கில்லை.

அடுத்த முறை உத்தியோகத்தர் வரும்போது, “ஐயா, திரையை இப்படித் திருப்புங்கள்” என்று கேட்க எவரும் கூச வேண்டாம். மறுத்தால் திகதியையும் இடத்தையும் குறித்து நம் கிளைச் செயலாளரிடம் கொடுங்கள். 1991ஆம் ஆண்டின் சட்டப்படி அமைந்த அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாட்டை எழுதுவது எம் பொறுப்பு.