பார்த்து முடிக்காத பட்டியல்

சென்ற மாதம் துறைக்கு வெளியே இருக்கும் தேநீர்க்கடையில் ‘ஹோம்பவுண்ட்’ படத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. இன்னும் பார்க்கவில்லை என்றேன். உடன் ஆய்வு செய்யும் நண்பர் ஒருவர் உண்மையிலேயே வியந்துபோனார். “என்னங்க, நீங்களே பார்க்கலையா? உங்களுக்காகவே எடுத்த படமாச்சே!”

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் வீட்டுப்பாடம் செய்யாமல் வகுப்புக்கு வந்த பிள்ளையைப் போல நின்றேன். என் கைபேசியில் ‘பார்க்க வேண்டியவை’ என்று ஒரு பட்டியல் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வில் சேர்ந்த ஆண்டு எழுதத் தொடங்கியது. ஆஸ்கருக்கு அனுப்பப்பட்டவை, கான் விழாவில் பேசப்பட்டவை என்று அது நீண்டுகொண்டே போகிறது. அடித்த பெயர்களைவிட அடிக்காத பெயர்களே அதிகம்.

காரணம் சோம்பல் இல்லை. உதவித்தொகை ஐந்து மாதமாக வரவில்லை. வாடகைக்காக மாலையில் இரண்டு வீடுகளில் டியூஷன். மூன்றாவது இயலைத் திருத்தித் தரச் சொல்லி நெறியாளர் கெடு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனால் “முப்பது தாண்டிடுச்சே” என்று தொடங்கும் உறவினர்கள். இதற்கு நடுவில் இரண்டு மணி நேரம் யாரும் கூப்பிடாமல் உட்கார ஓர் அறை வேண்டும், அறுபடாத இணையம் வேண்டும், ஆங்கிலத் துணைத்தலைப்பை ஓடும் வேகத்தில் படிக்கும் பழக்கம் வேண்டும். கடைசியாகச் சொன்னது எனக்கு 22 வயதுக்கு மேல்தான் வந்தது. நண்பருக்கு அது அவர் அப்பாவின் அலமாரியிலிருந்து வந்தது. நிலத்தைப் போல நேரமும் ஒரு பரம்பரைச் சொத்து. யாருக்கு அது வரவில்லை என்று சாதியைக் கேட்டால் சொல்லும்.

‘ஹோம்பவுண்ட்’டை ஒருவழியாக நான்கு துண்டுகளாகப் பார்த்து முடித்தேன். அதில் இரண்டு துண்டு தாம்பரம் மின்ரயிலில். நீரஜ் கெய்வான் தன்னை தலித் என்று வெளிப்படையாக அறிவித்துக்கொண்டு இந்தித் திரையுலகில் இயங்கும் இயக்குநர். அவர் படத்தில் சந்தன் தன் பெயரின் பின்பாதியை மறைக்கிறான். ஒதுக்கீட்டை விட்டுவிட்டுப் பொதுப்பிரிவில் விண்ணப்பிக்கிறான். அந்த இடத்தில் படத்தை நிறுத்திவிட்டேன். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம், “எந்த கோட்டா?” என்று கேட்ட விடுதித் தோழியிடம் நானும் பொய் சொல்லியிருக்கிறேன். கூட்ட நெரிசலில் கம்பியைப் பிடித்து நின்றபடி அதை நினைத்துக்கொள்வது திரையரங்க அனுபவம் இல்லைதான். ஆனால் அந்தப் படம் எனக்கு அங்கேதான் நடந்தது.

அந்தப் படம் ஆஸ்கரில் சர்வதேசப் படங்களுக்கான 15 பேர் சுருக்கப்பட்டியல் வரை போனது. இறுதி 5 இடங்களில் வரவில்லை. வந்திருந்தால் கொண்டாடியிருப்போம். ஆனால் அந்தப் பட்டியல் எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

ஒரு நாடு ஆண்டுக்கு ஒரு படத்தைத்தான் அனுப்பலாம். இங்கே அதை இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பு அமைக்கும் குழு முடிவு செய்கிறது. 2024இல் அந்தக் குழுவில் இருந்த 13 பேரும் ஆண்கள். அவர்கள் தேர்ந்தெடுத்தது பெண்களைப் பற்றிய ‘லாபத்தா லேடீஸ்’. அது சுருக்கப்பட்டியலைத் தொடவில்லை. அதே ஆண்டு அந்தச் சுருக்கப்பட்டியலில் ஓர் இந்திப் படம் இருந்தது: சந்தியா சூரியின் ‘சந்தோஷ்’. ஒரு தலித் சிறுமியின் பாலியல் வன்கொலையை விசாரிக்கும் பெண் காவலரின் கதை. காவல்துறைக்குள் இருக்கும் சாதியையும் இஸ்லாமிய வெறுப்பையும் சித்திரவதையையும் அது மறைக்கவில்லை. அதை அனுப்பிய நாடு பிரிட்டன். இந்தியாவில் தணிக்கை வாரியம் கேட்ட வெட்டுகளைப் படக்குழு ஏற்க முடியாததால் அது திரைக்கே வரவில்லை.

நம் ஊர்க் கதை, நம் நாட்டு மொழி, உலகம் பார்க்கலாம், நாம் பார்க்கக் கூடாது. இந்த நிலையில் “இன்னுமா பார்க்கல?” என்ற கேள்வியை யாரிடம் கேட்பது?

இன்னொன்றும் இருக்கிறது. ஆஸ்கருக்கு இந்தியா அனுப்பிய இரண்டு தமிழ்ப் படங்களை வீட்டில் போட்டுக் காட்டினேன். ஆட்டோ ஓட்டுநராக இருந்த மு.சந்திரகுமாரின் ‘லாக்கப்’ நூலிலிருந்து வந்த ‘விசாரணை’ முதலாவது. என் அப்பா கொத்தனார். தொண்ணூறுகளில் வேலை செய்த வீட்டில் நகை காணாமல்போக, அவரையும் இன்னும் இரண்டு பேரையும் இரண்டு இரவு வைத்து விசாரித்திருக்கிறார்கள். நகை பிறகு அந்த வீட்டு பீரோவிலேயே கிடைத்தது. படம் தொடங்கி இருபது நிமிடத்தில் அப்பா எழுந்துவிட்டார். “நிறுத்தும்மா. அது எப்படி முடியும்னு எனக்குத் தெரியும்.” வாசலுக்குப் போய் பீடி பற்றவைத்தார். அவருக்கு இதைப் போட்டுக் காட்டலாமா என்று நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டாவது, வினோத்ராஜின் ‘கூழாங்கல்’. 2021இல் ராட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். கடைசியில் பெண்கள் குழியில் ஊறும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு குடத்தில் ஊற்றும் நீண்ட காட்சி வரும். அதன் அமைதியைப் பற்றி நான் கருத்தரங்கில் பேசியிருக்கிறேன். அம்மா கேட்டார்: “தண்ணி மொள்றதுக்கா பரிசு குடுத்தாங்க?” சிரித்துவிட்டு, பிறகு தானே சொன்னார்: “பரவால்ல, ஒருத்தனாவது நின்னு பாத்திருக்கான்.”

ஒரே வீட்டில் இருவரும் சொன்னவை இரண்டு விமர்சனங்கள். நம் வலியைத் திரையில் முழுதாகப் பார்த்து முடிக்க, அந்த வலி கொஞ்சம் தள்ளியிருக்க வேண்டும். விருதுக் குழுவில் இருப்பவர்களுக்கு அது தள்ளியிருக்கிறது. அப்பாவுக்கு இல்லை. அதற்காக ‘விசாரணை’ எடுத்திருக்கக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். சந்திரகுமார் எழுதியதும் அது படமானதும் தேவைதான். ஆனால் பார்க்காமல் எழுந்து போகும் உரிமையும் நமக்கு உண்டு.

திரையில் காட்டப்பட்டவர்கள் திருப்பிப் பேசுவதும் உண்டு. 2022இல் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்ட ‘ரைட்டிங் வித் ஃபயர்’ ஆவணப்படம், உத்தரப்பிரதேசத்தில் 2002இல் தொடங்கிய ‘கபர் லஹரியா’ இதழின் தலித் பெண் பத்திரிகையாளர்களைப் பற்றியது. விருது விழாவுக்குச் சில நாட்கள் முன்பு அந்தப் பெண்களே ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். படம் வலுவானது, ஆனால் தங்கள் பணியின் ஒரு பகுதியை மட்டும் பிரதானமாக்கிக் காட்டுவதால் அது தங்கள் முழுக் கதை ஆகாது என்பது அதன் சாரம். கைதட்டலுக்குக் காத்திருக்கும் நேரத்தில் அப்படிச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும்! விழா மேடையில் கிறிஸ் ராக் அறை வாங்கியது அதே ஆவணப்படப் பிரிவின் விருதை அறிவிக்க வந்தபோதுதான். உலகம் அறையைப் பேசியது. அந்தப் பெண்கள் கேட்ட கேள்வியைப் பேசவில்லை.

அப்படியானால் விருதுகளை உதறிவிடலாமா? முடியாது. ‘கூழாங்கல்’ ஆஸ்கருக்குப் போனதால்தான் என் அம்மாவின் கண்ணுக்கு வந்தது. சைதன்ய தம்ஹானேயின் ‘கோர்ட்’ தேசிய விருது பெற்றிராவிட்டால், அதில் நடித்த நாக்பூர் அம்பேத்கரியச் செயற்பாட்டாளர் வீரா சாத்திதாரை நம்மில் எத்தனை பேர் அறிந்திருப்போம்? அவர் 2021இல் கொரோனாவில் இறந்தபோது நாம் துக்கம் கொண்டாட அந்தப் படமும் ஒரு காரணம். விருது ஒரு கதவு. திறந்தால் நுழைவோம். திறக்கும் வரை வாசலில் கைகட்டி நிற்கத் தேவையில்லை.

தோழர்களுக்கு என் யோசனை எளிமையானது. தாமதமாகப் பார்ப்பதற்கு வெட்கப்படுவதை நிறுத்துவோம். தனித்தனியாகக் கைபேசியில் துண்டு துண்டாகப் பார்ப்பதை, முடிந்த மாதங்களில் சேர்ந்து பார்ப்பதாக மாற்றுவோம். படிப்பகம், விடுதிக் கூடம், ஒரு வாடகைப் புரொஜெக்டர் போதும். துணைத்தலைப்பை ஒருவர் தமிழில் வாய்விட்டுப் படிக்கட்டும். முடிந்தபின் முதலில் பேசுவது ஆய்வாளர்களாக இருக்க வேண்டாம். என் அம்மா மாதிரி ஒருவர் இருக்கட்டும்.

நண்பரை நேற்று மறுபடி பார்த்தேன். ‘ஹோம்பவுண்ட்’ பார்த்துவிட்டதாகச் சொன்னேன். எப்படி இருந்தது என்றார். சந்தனைப் பற்றிச் சொன்னேன். பிறகு, பத்தாண்டுகளாக யாரிடமும் சொல்லாத அந்த விடுதிப் பொய்யையும் சொன்னேன். அவர் தேநீரைக் கையிலேயே வைத்திருந்தார். “அந்தக் காட்சிய நான் சரியா கவனிக்கல” என்றார். இன்னொரு முறை பார்ப்பாராம். அவரிடம் நேரம் இருக்கிறது. பார்க்கட்டும்.