ஏகமனதாக!

தோழனே!

'ஏகமனதாக' என்றொரு சொல் உண்டு. இனிய சொல். ஆலைத் தொழிலாளர் கூட்டத்திலே அந்தச் சொல் எழும்போது நெஞ்சு நிமிரும். ஊர் கூடிக் குளம் வெட்ட முடிவெடுக்கையிலே எழுந்தால் உள்ளம் குளிரும். ஆனால், நகர்மன்றத்திலே ஐம்பது தீர்மானங்கள் அரைமணி நேரத்திலே ஏகமனதாக நிறைவேறின என்ற செய்தி உன் காதில் விழுமானால், கைதட்டாதே! உன் மடியைத் தடவிப் பார்! அங்கே செலவழிந்தது உன் வீட்டு வரி. உன் குடிநீர்க் கட்டணம். சந்தையிலே கூடைக்காரி கொடுத்த சுங்கம்.

கோட்டையிலே நடக்கும் ஊழலென்றால் கொதித்தெழுகிறோம். மேடை போட்டு முழங்குகிறோம். முழங்கத்தான் வேண்டும். ஆனால், நம் தெருமுனைக் கால்வாயைக் கட்டியவர் யார், அதன் மதிப்பீடு எவ்வளவு, போட்டிக்கு வந்தவர் எத்தனை பேர் என்று கேட்டால், நம்மிலே எத்தனை பேர் விடை கூறுவோம்? கோட்டை தொலைவிலே இருக்கிறது. கால்வாயோ காலடியிலே நாறுகிறது!

சட்டம் இல்லையா? இருக்கிறது, தோழனே! ஒப்பந்தப்புள்ளிகளில் ஒளிவுமறைவு கூடாது என்பதற்கென்றே 1998-ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஒரு சட்டம் செய்தது. 2000-த்திலே அதற்கு விதிகள் வந்தன. இரண்டு கோடி ரூபாய் வரையிலான பணிக்கு, ஒப்பந்தப்புள்ளி கொடுக்கக் குறைந்தது 15 நாள் அவகாசம். அதற்கு மேற்பட்டதற்கு 30 நாள். அவகாசத்தைக் குறைத்தால், மேல்நிலை அதிகாரி அதற்கான காரணத்தை எழுதி வைத்தாக வேண்டும். தகுதியுள்ளோரில் குறைந்த தொகை கேட்டவருக்கே வேலை. இன்னும் குறைக்கச் சொல்லிப் பேசுவதானாலும் அவரோடு மட்டுமே பேசலாம். நல்ல வேலி! உயரமான வேலி!

வேலி இருந்தும் பயிர் மேயப்படுவது எப்படி? வேலியைத் தாண்டவேண்டிய தேவையே இல்லாமற் போய்விட்டது, தோழனே! வேலி தொடங்கும் முன்னே ஒரு சந்து. வேலி முடிந்த பின்னே ஒரு சந்து. மேய்கிறவர்கள் இந்த இரண்டு சந்துகளையும் நன்கறிவர். மேய்ச்சல் நிலத்துக்குச் சொந்தக்காரனான நீயோ, வேலியை மட்டும் பார்த்துக்கொண்டு நிற்கிறாய்!

முதற் சந்து மதிப்பீடு. ஒரு முழம் ஆழம் போதுமான கால்வாய்க்கு இரண்டு முழம் தோண்டுவதாக எழுதிவிட்டால், அதன்பிறகு குறைந்த தொகை கேட்டவரும் கொழுத்தவரே! போட்டி நேர்மையாக நடக்கும். போட்டியிடப்பட்ட பண்டமே பொய்யாக இருக்கும். அடுத்தது பிரிவினை. தெரு ஒன்று; அதன் கீழ்ப்பாதி ஒரு பணி, மேற்பாதி ஒரு பணி, நடுவிலே உள்ள சிறுபாலம் இன்னொரு பணி! ஏன் இந்தக் கூறுபோடல்? மொத்தமாக வைத்தால் தொகை உச்சவரம்பைத் தாண்டும்; மேலிடத்து அனுமதி வேண்டும்; வெளியூர்க்காரனும் போட்டிக்கு வருவான். கூறுபோட்டால் உள்ளூரிலேயே முடியும். கூறு போட்டவர்களே கூறு எடுத்துக் கொள்ளலாம்.

அந்நாளிலே ஒப்பந்தப்புள்ளிப் பெட்டிக்கு முன்னே அடியாட்கள் நிற்பார்கள். இன்று பெட்டி போய்க் கணினி வந்துவிட்டது. வரவேற்கிறோம். ஆனால், நால்வர் முன்னிரவிலே ஓர் அறையில் அமர்ந்து, 'இந்தத் தெரு உனக்கு, அந்தத் தெரு எனக்கு. நீ குறைத்துப் போடு, நாங்கள் கூட்டிப் போடுகிறோம்' என்று பேசி முடித்துவிட்டால், பாவம், கணினி என்ன செய்யும்? அதற்குத் தொகை தெரியும். தொகைக்குப் பின்னே உள்ள தோழமை தெரியாதே!

இரண்டாவது சந்து பின்னேற்பு. அலுவலகச் சொல், தோழனே, அஞ்சிவிடாதே. வேலை நடந்துவிட்டது, பணம் கொடுத்தாயிற்று அல்லது கொடுக்கவேண்டியதாயிற்று. இப்போது மன்றம் 'சரி' என்று சொல்லவேண்டும். அதுதான் பின்னேற்பு. தாலி கட்டியாயிற்று, பிள்ளையும் பிறந்தாயிற்று. இனிமேல் வந்து பெண் பார்த்துப் பிடித்திருக்கிறதா என்று சொல்லுங்கள் என்பதைப் போல!

நடுநிசியிலே குடிநீர்க் குழாய் வெடித்தால், மன்றம் கூடும் வரை காத்திரு என்று எவரும் சொல்லமாட்டார். அதற்காக ஏற்பட்ட வழி அது. ஆனால் தெருவிளக்கு வாங்குவதும், குப்பை வண்டி பழுதுபார்ப்பதும், விழாப் பந்தல் போடுவதும் அவசரப் பட்டியலிலே ஏறும்போது என்ன நடக்கிறது, பார்.

"பொருள் எண் 17, மின்விளக்கு வாங்கிய செலவினம், பின்னேற்புக்கு..."

"ஐயா, ஒரு ஐயப்பாடு. விளக்கு ஒன்று என்ன விலை?"

"விவரம் கோப்பிலே இருக்கிறது."

"கோப்பு எங்கே இருக்கிறது?"

"அலுவலகத்திலே இருக்கிறது. பொருள் எண் 18!"

எழுத்தர் எழுதுகிறார்: ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது!

இந்த மௌனம் நம் மண்ணிலே மட்டும் விளையும் பயிரென்று எண்ணாதே. அமெரிக்காவிலே, இல்லினாய் மாநிலத்திலே டிக்சன் என்றொரு சிறு நகரம். மக்கள்தொகை சுமார் 16,000. குடியரசுத் தலைவராக விளங்கிய ரேகன் இளமையிலே வாழ்ந்த ஊர். அந்நகரின் கணக்குகளை ரீட்டா கிரண்ட்வெல் என்ற அம்மையார் கவனித்து வந்தார். 1990 முதல் 2012 வரை, இரகசிய வங்கிக் கணக்கொன்றின் வழியாக, அந்தச் சிறு நகரத்திலிருந்து அவர் சுருட்டிய தொகை 5 கோடியே 37 இலட்சம் டாலர்! செய்யாத வேலைக்குப் போலிப் பட்டியல். அந்தப் பணத்திலே குதிரைப் பண்ணை! சாலையைச் செப்பனிடப் பணமில்லையே என்று நகரம் ஏங்கியது. அவரோ நூற்றுக்கணக்கிலே உயர்சாதிக் குதிரைகள் வளர்த்தார்.

தணிக்கையாளர்கள் இருந்தனர், மேயர் இருந்தார், மன்றமும் இருந்தது. பிடித்தது யார்? 2011-இலே அம்மையார் விடுப்பில் சென்றிருந்தபோது, அவர் வேலையைப் பார்த்த ஒரு நகர அலுவலர்! வங்கியிடம் கணக்கு விவரங்கள் அனைத்தையும் கேட்டார், அவ்வளவுதான். இருபது ஆண்டுகளுக்கு மேல் கட்டிய கோட்டை ஒரு கேள்வியிலே சரிந்தது. 2013-இலே 19 ஆண்டு 7 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. கெட்டிக்காரத் திருடியால் மட்டும் கெட்ட ஊரல்ல அது; 'அவருக்குத்தான் எல்லாம் தெரியும்' என்று எல்லோரும் ஏகமனதாக நம்பியதால் கெட்ட ஊர்!

நம் முன்னோர் இதை அறியாதவர்களா? ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன், முதற் பராந்தகன் காலத்திலே உத்திரமேரூர்க் கோயிற் சுவரிலே வெட்டி வைத்தார்கள்: வாரியத்திலே இருந்து கணக்குக் காட்டாதவன் பெயரும், அவன் உறவினர் பெயரும் குடவோலையிலே இடப்படக்கூடாது! அந்தச் சபை அந்தணர்க்கே உரியதாக இருந்தது. உழுதவனுக்கு அங்கே இடமில்லை. அந்தக் குறையை மறைத்துப் பழம்பெருமை பேச நான் வரவில்லை. ஆனால், கணக்குக் காட்டாதவனுக்குப் பதவியில்லை என்ற அந்த விதியை, உழுதவனும் உட்காரும் இன்றைய மன்றத்திலே நாம் ஏன் உயிர்ப்பிக்கக் கூடாது?

மன்றமே இல்லாதிருந்த காலத்தையும் கண்டோம். 2011-இலே தேர்ந்தெடுக்கப்பட்ட நகர்மன்றங்களின் காலம் 2016 அக்டோபரிலே முடிந்தது. அடுத்த தேர்தல் நடந்தது 2022 பிப்ரவரியிலே. ஐந்தாண்டுகளுக்கு மேலாகத் தனி அலுவலர்களின் ஆட்சி! தீர்மானம் போடுபவரும் அவரே, ஏற்பவரும் அவரே. உண்மையிலேயே 'ஏகமனது' அதுதான். ஒரே மனிதரின் மனது! அந்த இருளிலிருந்து மீண்டு வந்த மன்றங்களும் வாய்மூடி இருக்குமானால், வாக்குச்சீட்டால் என்ன பயன்?

இனி, கசப்பான பகுதிக்கு வருகிறேன். மாற்றுக் கட்சிக்காரர் தலைவராக உள்ள ஊரிலே நம் நாவு வாளாகிறது. நம்மவர் தலைவராக உள்ள ஊரிலோ அதே நாவு பஞ்சாகிறது! 'நம்ம ஆள்தானே, விட்டுவிடு' என்கிறோம். நம்ம ஆள் என்றால், நம் பணம் என்று பொருளா? கொடி பிடித்துத் தடியடி பட்ட தொண்டன் ஓட்டைக் குடிசையிலே இருக்கிறான். நேற்று வந்த ஒப்பந்தக்காரர் தலைவரின் வண்டியிலே முன்னிருக்கையிலே இருக்கிறார். கேட்காமலிருப்பது கட்டுப்பாடல்ல, தோழனே! கட்சியைக் கறையான் அரிக்கும்போது சுவரைத் தட்டிப் பார்ப்பவனே கட்டுப்பாடுள்ளவன்.

நீ மன்ற உறுப்பினனா? அஜெண்டாவை வீட்டிலேயே படி. பின்னேற்பு என்ற சொல் வரும் இடத்திலெல்லாம் கோடிடு. அவசரம் எது என்று கேள். அளவுப் புத்தகத்தைக் காட்டச் சொல். விடை வராவிட்டால் உன் மறுப்பைக் குறிப்பேட்டிலே பதியச் சொல்.

நீ உறுப்பினனல்லவா? கவலையில்லை. 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் உன் கையிலே இருக்கிறது. ஏட்டைப் பார்க்க மட்டுமன்று. நடக்கும் வேலையைப் பார்வையிடவும், பயன்படுத்தப்படும் பொருளிலே சான்றளித்த மாதிரி பெறவும் அது உனக்கு உரிமை தருகிறது. சிமெண்டிலே மணல் எவ்வளவு என்பதை இனி மேடையிலே மட்டும் பேசவேண்டியதில்லை. மாதிரியைக் கையிலே வைத்துக்கொண்டே பேசலாம்!

அடுத்த மன்றக் கூட்டம் என்றைக்கு என்று இன்றே விசாரி, தோழனே. அன்று 'ஏகமனதாக' என்று எழுதப் போகும் பேனா ஒரு கணம் தயங்கட்டும். ஐம்பது பொருள்களில் ஒன்றுக்கேனும் எதிரே, 'உறுப்பினர் ஒருவர் விளக்கம் கோரினார். பொருள் ஒத்திவைக்கப்பட்டது' என்ற வரி ஏறட்டும். ஊராட்சி பிழைக்கும் வழி அந்த ஒரு வரியிலே தொடங்கும்!