கவர்னருக்குக் கடிகாரம் இல்லையா?

ஓட்டுப் பெற்ற சட்டமன்றம் பெரிதா, நியமனம் பெற்ற கவர்னர் பெரிதா? இரண்டுமல்ல, அரசியல் சட்டமே பெரிது. அதன் 200-ஆவது விதி சொல்வதென்ன? திருப்பியனுப்பிய மசோதாவைச் சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றினால், கவர்னர் ஒப்புதல் மறுக்கலாகாது. தமிழகச் சட்டமன்றம் 2023 நவம்பர் 18-இல் 10 மசோதாக்களை அப்படி நிறைவேற்றியது. கவர்னரோ அவற்றை ஜனாதிபதிக்குத் தள்ளிவிட்டார்! மாநில அரசு வழக்காடியது. 2025 ஏப்ரல் 8-இல் சுப்ரீம் கோர்ட்டு அச்செயல் சட்டவிரோதம் என்றது. பத்தும் ஒப்புதல் பெற்றவையே என்றது. கவர்னருக்குக் காலக்கெடுவும் விதித்தது.

மகிழ்ந்தோம். ஆனால் ஜனாதிபதி கேட்ட வினாக்களுக்கு 2025 நவம்பர் 20-இல் 5 நீதிபதிகள் தந்த கருத்து வேறு. கெடு விதிக்கக் கோர்ட்டுக்கு அதிகாரமில்லையாம். ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் கூடாதாம். காரணமின்றி நெடுங்காலம் இழுத்தடித்தால் மட்டும், முடிவெடுக்குமாறு கட்டளையிடலாமாம்.

விதியில் இல்லாததைக் கோர்ட்டு எழுதிச் சேர்க்கலாகாது என்பதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை நாம். ஆயினும் தோழர்களே, எத்தனை மாதம் போனால் அது நெடுங்காலம்? ஆலை வாசலில் பத்து நிமிடம் பிந்திய தொழிலாளிக்குக் கூலி வெட்டு. கவர்னர் மாளிகைக்குக் கடிகாரமே கிடையாது! மசோதாவுக்கு மசோதா வக்கீல் வைத்து டில்லிக்கு நடப்பதா? நீதிபதிகள் எழுத முடியாத கெடுவைப் பாராளுமன்றம் எழுதலாமே. 200-ஆவது விதியைத் திருத்து என்று கேட்போம்.