சிவப்புப் பக்கத்தைத் தாண்டச் சொல்லாதீர்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. கட்டணம் கட்ட அன்றுதான் கடைசி நாள். பல கல்லூரிகளுக்கு இணையத்தில் கட்டணம் வசூலித்துக் கொடுக்கும் நிறுவனமொன்றில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. துறையூரிலிருந்து ஒரு மாணவியின் அப்பா உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். "ஏம்மா, ஆபத்துன்னு சிவப்பா வருதே, பணம் கட்டலாமா?"

மேசையில் ஒட்டியிருந்த தாளைப் பார்த்து எங்கள் உதவி மையப் பெண் சொன்னார்: "ஒண்ணும் இல்லைங்க ஐயா. 'அட்வான்ஸ்டு'னு இருக்கும், அதை அழுத்திட்டு உள்ளே போயிடுங்க."

இது உண்மையான தளம்தான் என்று உலாவிக்குக் காட்டும் டி.எல்.எஸ். சான்றிதழ் முந்தின இரவு காலாவதியாகியிருந்தது. 34 துணைமுகவரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தேதி, எல்லாம் என் எக்செல் தாளில். அதில் ஒரு வரியைத் தவறவிட்டேன். ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டோம். ஆனால் அந்தப் பெரியவருக்கு நாங்கள் கற்றுக்கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியவில்லை. நடுவில் யாராவது புகுந்து ஒட்டுக்கேட்டாலும் இதே மாதிரிப் பக்கம்தான் வரும். அன்றைக்கும் அவர் 'அட்வான்ஸ்டு' அழுத்துவார்.

மறதி ஊழியரின் தனிக் குற்றம் என்றுதான் நிர்வாகங்கள் நினைக்கின்றன. 2018 டிசம்பரில் எரிக்சன் மென்பொருளில் ஒரு சான்றிதழ் காலாவதியாகி, பிரிட்டனில் ஓ2 வாடிக்கையாளர்கள் கோடிக்கணக்கானோர் கைபேசியில் இணையத்தை இழந்தார்கள். அங்கே ஆளுக்கா பஞ்சம்? தேதியை ஞாபகம் வைப்பது மனிதர் கையில் விடக்கூடாத வேலை.

இப்போது எங்கள் சேவைகள் ஓடும் கன்டெய்னர் கிளஸ்டருக்குள் அந்த வேலையைச் 'செர்ட்-மேனேஜர்' என்ற மென்பொருள் பார்த்துக்கொள்கிறது. இலவசமாகச் சான்றிதழ் தரும் 'லெட்ஸ் என்கிரிப்ட்', முகவரி உங்களுடையதுதானா என்று கேட்கும். தளத்திலேயே ஒரு கோப்பை வைத்துக் காட்டலாம். அதற்கு 80-ஆம் போர்ட் வெளியே திறந்திருக்க வேண்டும். அலுவலகத்துக்குள் மட்டும் ஓடும் சேவைகளுக்கு அது ஆகாது. இணைய முகவரிப் பதிவேடான டி.என்.எஸ். வழியில் அந்தத் தொல்லை இல்லை. அவர்கள் கேட்கும் மதிப்பை ஒரு டி.எக்ஸ்.டி. பதிவாகப் போட்டால் போதும், பார்த்துவிட்டுச் சான்றிதழ் தந்துவிடுவார்கள்; பிறகு பதிவை அழித்துவிடலாம். எல்லாத் துணைமுகவரிகளுக்கும் பொதுவான வைல்ட்கார்டு சான்றிதழுக்கும் அங்கே டி.என்.எஸ்.தான் வழி. 90 நாள் சான்றிதழ் ஏறத்தாழ 60-ஆம் நாளிலேயே தானாகப் புதுப்பிக்கப்படுகிறது. ஏதாவது தடங்கல் வந்தாலும் சரிசெய்ய ஒரு மாதம் கையில் இருக்கிறது.

இதில் பலர் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. டி.என்.எஸ். பதிவை எழுதும் சாவியைக் கிளஸ்டருக்குள் வைக்க வேண்டும். முழு டொமைனுக்குமான சாவியை அப்படியே வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது திருடு போனால் தளம் மட்டுமல்ல, நிறுவனத்தின் மின்னஞ்சலையே வேறு பக்கம் திருப்பிவிடலாம். வீட்டு வாசலில் ஒரு சீட்டு ஒட்டப் போகிறவரிடம் பீரோ சாவி எதற்கு? சரிபார்ப்புப் பதிவு போடும் அந்த ஒரு பெயரை மட்டும் சிநேம் பதிவால் தனி டொமைனுக்குத் திருப்பிவிட்டு, அந்த டொமைனுக்கு மட்டும் செல்லும் சாவியைக் கொடுங்கள். அரை நாள் வேலைதான். இதைச் செய்யாத தானியக்கத்தை நான் ஆதரிக்க மாட்டேன்.

"தானா நடக்குறதை எப்படிங்க நம்புறது?" என்று என் மேலாளர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒருமுறை சான்றிதழ் ஒழுங்காகப் புதுப்பிக்கப்பட்டிருந்தது. ஆனால் ஒரு பழைய சேவை அதைத் திரும்பப் படிக்காமல், நினைவில் இருந்த பழையதையே காட்டிக்கொண்டிருந்தது. வாடிக்கையாளருக்குத் தெரிவது எந்தத் தேதி என்று வெளியிலிருந்து தினமும் பார்க்கும் சின்ன நிரலொன்றை அதற்குப் பிறகுதான் எழுதினோம்.

உலாவி நிறுவனங்களும் சான்றிதழ் வழங்குவோரும் சேர்ந்த மன்றம் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவின்படி, முன்பு 398 நாள் வரை இருந்த சான்றிதழ் ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-இல் 100, 2029-இல் 47. என் 34 வரி எக்செல் தாளில் அப்போது ஆண்டுக்கு எட்டு முறை தேதி மாற்ற யாரால் முடியும்? வரி, மின்கட்டணம், மருத்துவமனைப் பதிவு என்று மக்களை இணையத்துக்கு வரச் சொல்லும் ஒவ்வோர் அலுவலகமும் இந்த வேலையை இப்போதே தொடங்க வேண்டும்.

உதவி மையத்து மேசைத் தாளையும் மாற்றினோம். "எச்சரிக்கை வந்தால் பணம் கட்ட வேண்டாம் என்று சொல்லவும். எண்ணை வாங்கிக்கொண்டு, சரியானதும் நாமே கூப்பிடவும். கடைசி நாளானால் அவகாசம் கேட்டு வாங்கித் தரவும்."