மலை மரத்தை மலையிலேயே விடுங்கள்!

குன்னூர் சிம்ஸ் பூங்காவுக்குச் சுற்றுலா சென்றவர்கள் மரப்பெரணியைப் பார்த்திருப்பீர்கள். தென்னையைப் போல நெடிய தண்டு. உச்சியில் குடை விரித்தாற் போன்ற மாபெரும் இலைகள். பூவும் இல்லை, விதையும் இல்லை. "இதில் ஒன்றைப் பெரம்பலூரில் நம் வீட்டுத் தோட்டத்தில் வைத்தால் என்ன?" என்று ஆசை எழுவது இயல்புதான். வேண்டாம் என்பது என் கருத்து. காரணத்தைக் கேளுங்கள்.

காற்று நீராவியை எவ்வளவு வேகமாக உறிஞ்சும்? வகுப்பில் படித்த தெவிட்டிய ஆவி அழுத்தத்தை நினைவுகூருங்கள். 20 டிகிரி செல்சியஸில் அது 17.5 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். 40 டிகிரியில் 55.3. மலைச்சோலையில் 20 டிகிரி வெப்பம், 90 சதவீத ஈரப்பதம் என்று கொள்வோம். காற்று தெவிட்டுவதற்கு இன்னும் 1.75 மில்லிமீட்டர்தான் குறைவு. நம் ஊர்க் கோடைப் பகலில் 40 டிகிரி, 30 சதவீதம் என்றால் குறைவு 38.7 மில்லிமீட்டர்! அதாவது இலையிலிருந்து நீரை இழுக்கும் தாகம் சுமார் 22 மடங்கு.

"வேரில் குடம் குடமாக ஊற்றினால் போதாதா?" என்பீர்கள். போதாது. மரப்பெரணியின் தண்டு வேம்பின் தண்டைப் போன்றதன்று. அதன் வெளிப்புறம் பெரும்பாலும் பின்னிப் பிணைந்த வேர்களால் ஆன போர்வை. அந்தப் போர்வையும் ஈரமாக இருக்க வேண்டும். மண்ணும் ஒத்துவராது. சோலையில் இருப்பது இலைமக்கு நிறைந்த அமில மண். அரியலூரோ சிமெண்டு ஆலைகளுக்குக் கல் கொடுக்கும் சுண்ணாம்பு நிலம்.

கண்ணாடி வீடு கட்டி, நாள் முழுவதும் நீர்த்திவலை தெளித்தால் வளர்க்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கோடையில் குடிநீருக்கே குடத்துடன் காத்திருக்கும் ஊரில் அது முறையா? மேலும், பெரிய மரப்பெரணி வேண்டுமென்று அவசரப்படுகிறவருக்காக எங்கோ ஒரு காட்டு மரம் வேரோடு பெயர்க்கப்படலாம். அது உயரமாக வளரப் பல பத்தாண்டுகள் ஆகும். சயாத்தியா இன மரப்பெரணிகளின் பன்னாட்டு வணிகத்தை 'சைட்ஸ்' உடன்படிக்கை கட்டுப்படுத்துவது இதனால்தான்.

அப்படியானால் நமக்குப் பெரணியே கிடையாதா? உண்டு! வயலோரத்தில் நான்கு சிற்றிலைகளுடன் நிற்கும் ஆரைக்கீரை ஒரு பெரணிதான் என்பது உங்களுக்குத் தெரியுமா? பழைய சுவர்களின் சுண்ணாம்புச் சாந்தில் டெரிஸ் விட்டாட்டா என்ற பெரணி விரும்பி வளரும். மண்ணிலுள்ள ஆர்செனிக் நஞ்சை அது உறிஞ்சிச் சேர்த்துக்கொள்கிறது என்று 2001-இல் கண்டறிந்தார்கள். மலைமரத்துக்குப் பகையான சுண்ணாம்பு இதற்கு உறவு!

ஒரு சோதனை செய்யுங்கள். முற்றிய பெரணி இலையின் அடிப்புறத்தில் உள்ள பழுப்புத் தூளை, நன்றாக நனைந்த செங்கல்லின் மேல் தூவுங்கள். தட்டில் நீர் ஊற்றிச் செங்கல்லை அதில் வைத்து, கண்ணாடிப் பாத்திரத்தால் மூடி நிழலில் வையுங்கள். சில வாரங்களில் பச்சை படரும். பிறகு இதய வடிவத்தில் சிறு தகடுகள் தோன்றும். அவற்றில் ஆண் அணுக்கள் பெண் அணுக்களிடம் நீந்திச் செல்ல மெல்லிய நீர்ப்படலம் வேண்டும். பெரணிக்கு ஈரம் ஏன் உயிர்நாடி என்பது அப்போது விளங்கும்.

விடுமுறையில் சாத்தனூருக்கும் போய் வாருங்கள். அங்கே 18 மீட்டர் நீளக் கல்மரம் கிடக்கிறது. வயது சுமார் 12 கோடி ஆண்டுகள். புவியியலறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940-இல் அதை உலகறியச் செய்தார். அது மரப்பெரணி அன்று. ஊசியிலை மரவகையைச் சேர்ந்தது. ஆனால் இதே மாவட்டத்தின் பழைய களிமண் படிவுகளில் பெரணி இலைகளின் பதிவுகளும் கிடைத்துள்ளன. ஆம், ஒரு காலத்தில் இது பெரணிகளின் நாடு! அந்தக் காலம் போய்விட்டது. அந்தக் காற்றும் போய்விட்டது.

ஒரு செடியை நடுமுன் "இது எனக்குப் பிடிக்கிறதா?" என்று மட்டும் கேட்காதீர்கள். "இந்தக் காற்றும் மண்ணும் இதற்குப் பிடிக்குமா?" என்றும் கேளுங்கள். அதுவே அறிவியல் பார்வை.