இதயத் தசைக்கு ரத்தம் போகிறதா? காட்டிக்கொடுக்கும் குட்டிக் குமிழிகள்... அமெரிக்காவில் கிளம்பிய சர்ச்சை என்ன?

எக்கோ ஸ்கேன் எடுத்தால் இதயம் எப்படித் துடிக்கிறது, வால்வு சரியாக இருக்கிறதா என்று தெரிந்துவிடும். ஆனால் இதயத் தசைக்குள் இருக்கும் நுண்ணிய குழாய்களில் ரத்தம் ஓடுகிறதா? சாதாரண எக்கோவில் அது தெரியாது. அங்கேதான் 'கான்ட்ராஸ்ட்' மருந்து கைகொடுக்கிறது.

அப்படி என்ன மருந்து அது?

கையில் ஊசி வழியாக ஏற்றப்படும் நுண்குமிழிகள்தான். பெரும்பாலானவை ரத்தச் சிவப்பணுவைவிடச் சிறியவை. மேலே கொழுப்பு அல்லது புரத உறை, உள்ளே வாயு. அல்ட்ராசவுண்ட் அலை பட்டதும் குமிழிகள் சுருங்கி விரிந்து பலமாக எதிரொலிக்கும். ரத்தம் போகும் இடம் திரையில் பளிச்சென்று தெரியும். அயோடின் கிடையாது, கதிர்வீச்சும் கிடையாது. வாயு மூச்சு வழியே வெளியேறிவிடும்.

அடைப்பை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

பலமான அலையை ஒரு கணம் அனுப்பி, தசைக்குள் இருக்கும் குமிழிகளை உடைத்துவிடுவார்கள். பிறகு புதுக் குமிழிகள் எவ்வளவு வேகமாக வந்து நிரம்புகின்றன என்று பார்ப்பார்கள். ஓய்வில் இருக்கும்போது சுமார் 5 நொடியில் நிரம்பினால் நார்மல். லேட்டானால், அந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் குறைவு என்று அர்த்தம்.

சர்ச்சை எங்கே வந்தது?

2007 அக்டோபரில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்டிஏ, டெஃபினிட்டி, ஆப்டிசன் மருந்துகளுக்குக் 'கறுப்புக் கட்ட' எச்சரிக்கை விதித்தது. மருந்து ஏற்றிய சிறிது நேரத்தில் சிலர் இறந்ததாக வந்த தகவல்கள்தான் காரணம்.

இதய மருத்துவர்கள் விடவில்லை. 'இறந்தவர்கள் ஏற்கெனவே கடுமையான நோயாளிகள். மருந்துதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? ஸ்கேன் தெளிவாக இல்லாமல் நோயைக் கோட்டைவிட்டால் அதுவும் உயிருக்கு ஆபத்துதானே?' என்று கேட்டார்கள். 2008 மே மாதம் எஃப்டிஏ பல தடைகளைத் தளர்த்தியது. அதன்பின் வந்த பெரிய ஆய்வுகளிலும் இந்த மருந்தால் இறப்பு கூடியதாகத் தெரியவில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவில் இவை அனுமதி பெற்றது இதய அறையின் விளிம்பைத் தெளிவாகப் பார்ப்பதற்குத்தான். தசையின் ரத்த ஓட்டத்தைப் பார்ப்பது லேபிளுக்கு வெளியே, டாக்டரின் பொறுப்பில் நடப்பது.

நோயாளிகள் கவனிக்க வேண்டியது என்ன?

பாலிஎத்திலீன் கிளைக்கால் அலர்ஜி இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சில மலமிளக்கி மருந்துகளில் இருக்கும் பொருள் இது. டெஃபினிட்டி, லூமாசன் விஷயத்தில் 2021-ல் எஃப்டிஏ எச்சரித்ததும் இதைத்தான். கடுமையான பாதிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் 30 நிமிடத்துக்குள் வந்துவிடும். அதனால் ஊசி போட்டதும் கிளம்ப அவசரப்பட வேண்டாம்!